பற்றுப் பாத்திரம்: ஓர் இயந்திரத்தின் பழுதுகளின் வரலாறு

'பத்துப் பாத்திரம் தேய்க்கிறது' என்று சொல்லும்போது பலரும் அந்தப் பத்தை எண் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். எண் இல்லை, அது 'பற்று'. சோறோ குழம்போ ஒட்டிக் காய்ந்து பற்றிக்கொண்டிருக்கும் பாத்திரம் பற்றுப் பாத்திரம். வெற்றிலை வெத்தலை ஆன மாதிரி, பேச்சில் பற்று பத்தாகிவிட்டது. ஒட்டியதைப் பெயர்ப்பதுதான் வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. யார் பெயர்ப்பது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. 'பத்துப் பாத்திரம் தேச்சுப் பொழைக்கிறா' என்ற வாக்கியத்தில் எழுவாய் எப்போதும் பெண். அவள் ஏழை. எந்தத் தட்டில் அவளுக்குக் காப்பி தருவார்கள், அந்தத் தட்டு எங்கே தனியாகக் கவிழ்ந்திருக்கும் என்பதையும் நம்மால் சொல்லிவிட முடியும்.

ஒட்டியதைப் பெயர்க்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க மனிதர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக முயன்றிருக்கிறார்கள். டிஷ்வாஷர் வாங்கியவர்களுக்குத் தெரியும், அதன் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கோளாறும் தீர்வும்' என்று ஓர் அட்டவணை இருக்கும். நுரை வழிகிறது. கண்ணாடியில் வெண்படலம். தண்ணீர் வெளியேறவில்லை. மேல்தட்டுப் பாத்திரங்கள் கழுவப்படவில்லை. அட்டவணை தீர்வை மட்டும்தான் சொல்லும். ஆனால் அந்த வரிகள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் நிஜமான மனிதர்கள் முட்டி மோதிய ஒரு கதை இருக்கிறது. இந்த இயந்திரத்தின் வரலாற்றை அதன் வெற்றிகளை வைத்துச் சொன்னால் விளம்பரமாகிவிடும். எனவே பழுதுகளை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

*

1850இல் ஜோயல் ஹௌட்டன் என்ற அமெரிக்கர் ஒரு காப்புரிமை வாங்கினார். மரத்தொட்டி, கையால் சுற்றும் சக்கரம். சுற்றினால் தண்ணீர் பாத்திரங்கள்மேல் தெறிக்கும், அவ்வளவுதான். தெறித்த தண்ணீர் எதையும் பெயர்க்கவில்லை. ஹௌட்டனை இங்கேயே விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டியவர் ஜோசஃபின் கோக்ரேன். 1839இல் ஒஹாயோவில் பிறந்தவர். அப்பா ஜான் காரிஸ் பொறியாளர். நீராவிப் படகோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜான் ஃபிட்ச் இந்தக் குடும்பத்தின் முன்னோர் என்பார்கள். பத்தொன்பது வயதில் வில்லியம் காக்ரன் என்ற வணிகரை மணந்துகொண்டு இலினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் வசதியாக வாழ்ந்தார். கணவரின் குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிக் கொஞ்சம் மிடுக்காக்கிக்கொண்டார் என்பது அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

வீட்டில் விருந்துகள் நடக்கும். பரம்பரையாக வந்த பீங்கான் தட்டுகள் உண்டு, 1600களைச் சேர்ந்தவை என்று குடும்பக் கதை. வேலைக்காரர்கள் கழுவும்போது அவற்றின் விளிம்புகள் உடைந்தன. அம்மையார் தானே கழுவிப் பார்த்தார், அலுத்தது. வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றால் நானே கண்டுபிடிக்கிறேன் என்றாராம். இது எல்லாக் கட்டுரைகளிலும் வரும் கதை. ஆனால் இதில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. தேய்ப்பவரின் கை நோவதைக் குறைக்க இந்த இயந்திரம் தொடங்கப்படவில்லை. தட்டு உடையாமல் இருக்கத்தான் தொடங்கப்பட்டது. பாத்திரத்தின்மேல் இருந்த கரிசனம் அது, பாத்திரம் கழுவியவர்மேல் அல்ல.

1883இல் கணவர் இறந்தார். கையில் சுமார் 1,500 டாலர்தான் இருந்தது, கடன் அதைவிட அதிகம். விருந்து வைத்த பெண்மணிக்கு இப்போது இந்த இயந்திரம் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். தட்டு, கோப்பை, சாஸர் என்று ஒவ்வொன்றையும் அளந்து, அந்தந்த அளவுக்குக் கம்பி அறைகள் செய்தார். அந்த அறைகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, சக்கரத்தைச் செப்புக் கொப்பரைக்குள் படுக்கவைத்தார். சக்கரம் சுழலும், அடியிலிருந்து சூடான சோப்புத் தண்ணீர் பீறிட்டுப் பாத்திரங்கள்மேல் பொழியும். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது, எண் 355,139.

யோசனையின் சாரம் இரண்டே விஷயம். பாத்திரம் அசையாமல் தன் இடத்தில் நிற்க வேண்டும். பிரஷ்ஷோ நாரோ தேவையில்லை, தண்ணீரின் வேகமே பெயர்க்க வேண்டும். இன்றைக்கும் உங்கள் இயந்திரத்துக்குள் இருப்பது இந்த இரண்டும்தான்.

தன்னிடம் வேலை பார்த்த ஆண்கள் அவர்கள் வழியில் செய்து பார்த்துத் தோற்ற பிறகுதான் என் வழிக்கு வந்தார்கள், அதற்குச் செலவானது என் பணம் என்று கோக்ரேன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதைவிடக் கடினமானது விற்பனை. சிகாகோவின் பாமர் ஹவுஸ் ஓட்டல் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று. அடுத்து ஷெர்மன் ஹவுஸ். துணைக்கு அப்பாவோ கணவரோ இல்லாமல் ஓட்டல் முகப்புக் கூடத்தை அதுவரை தான் கடந்ததே இல்லை என்றும், அந்தக் கூடம் ஒரு மைல் அகலமாகத் தெரிந்தது என்றும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மயங்கி விழாமல் நடந்துபோய் 800 டாலர் ஆர்டரோடு திரும்பினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் உணவகங்களில் ஓடின, கட்டுமானத்துக்காகப் பரிசும் கிடைத்தது. அதன்பின் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் வாங்கத் தொடங்கின. கொதிக்கும் தண்ணீரில் கழுவினால் கிருமி போகும் என்ற புது நம்பிக்கை அதற்குக் கைகொடுத்தது.

ஓட்டல் வாங்கியது, மருத்துவமனை வாங்கியது. வீடுதான் வாங்கவில்லை.

*

ஏன் என்பதற்குக் கோக்ரேனே ஒரு காரணம் சொன்னார். எழுபத்தைந்து, நூறு டாலர் செலவு என்றதும் ஒரு பெண் அந்தப் பணத்தில் வேறு என்னென்ன செய்யலாம் என்றுதான் கணக்குப் போடுகிறாள். பாத்திரம் கழுவுவது அவளுக்கும் பிடிக்காதுதான், ஆனால் தன் நேரத்துக்கு விலை உண்டு என்று நினைக்க அவள் பழகவில்லை. சரியான பேச்சு. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதி தண்ணீரிலும் சோப்பிலும் இருந்தது.

முதலாவது, வெந்நீர். ஓர் இயந்திரத்துக்குப் போதுமான வெந்நீரைக் கொடுக்கும் கொதிகலன் அன்றைய வீடுகளில் இல்லை. இரண்டாவது, உப்பு நீர். கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் தண்ணீரில் சோப்பு முதலில் அழுக்கோடு சேராது, கால்சியத்தோடு சேர்ந்துகொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் பக்கெட் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு வளையம் படியுமே, அதுதான். கையால் கழுவும்போது அதைத் துடைத்துவிடலாம். இயந்திரத்துக்குக் கை இல்லை, படிந்தது படிந்தபடியே காயும். மூன்றாவது, நுரை. தண்ணீரை வேகமாக அடித்தால் சோப்பு நுரைக்கும். பம்பு தண்ணீருக்குப் பதிலாக நுரையை உறிஞ்சும், பீச்சும் வேகம் செத்துப்போகும்.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் பாட்டிகள் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தார்கள், பித்தளைக்குப் புளி. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம். அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து அங்கேயே கொஞ்சம் சோப்பாக மாற்றிவிடும், நார் உராய்ந்து எடுத்துவிடும். வண்ணார்கள் உவர்மண்ணை வைத்து வெளுத்ததும் இதே போன்ற காரத்தின் தயவில்தான். இன்று டிஷ்வாஷர் பொடி டப்பாவின் பின்புறம் படித்தால் சோடியம் கார்பனேட் இருக்கும். சாம்பலின் நெருங்கிய சொந்தம் அது. ஆக, நுரை வராத காரம்தான் வேண்டும் என்ற விடை பாட்டி கையில் ஏற்கனவே இருந்தது. வீட்டுக்கான டிஷ்வாஷர் பொடி நுரையைக் கைவிட்டுக் காரத்துக்கும், உப்பு நீரை மடக்கும் பாஸ்பேட்டுக்கும் வந்து சேர 1930களுக்கு மேல் ஆகிவிட்டது. 'கால்கான்' என்ற பெயரே கால்சியம் போய்விட்டது என்ற ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம்தான்.

கோளாறு அட்டவணையின் முதல் வரியும் இதுதான். பொடி தீர்ந்துபோன ஒரு ராத்திரியில், 'ஒரு சொட்டுதானே' என்று சிங்க் பக்கத்திலிருக்கும் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றுகிறார்கள். பத்து நிமிஷத்தில் கதவிடுக்கில் நுரை கசியும். நுரை அடித்தட்டில் இறங்கினால் அங்கே இருக்கும் மிதவை மேலேறும். பல இயந்திரங்கள் உடனே தண்ணீர் வால்வை மூடிவிட்டு, வெளியேற்றும் பம்பை மட்டும் ஓயாமல் ஓட்டும். இயந்திரம் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது தரையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு நுரையை அள்ளி எடுங்கள். அடித்தட்டுத் தண்ணீர் காய வேண்டும். பிறகு எதுவும் போடாமல் இரண்டு முறை வெறுமனே அலசவிடுங்கள். ஆரம்பகால இயந்திரங்களுக்கு இருந்த அதே பிரச்சினைதான் உங்கள் சமையலறையில் நடந்திருக்கிறது.

*

கோக்ரேன் 1913இல் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தை ஹோபார்ட் கம்பெனி வாங்கியது. ஹோபார்ட்டின் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு டிஷ்வாஷர் வந்தது 1949இல்தான். முப்பத்தாறு வருஷ இடைவெளி.

இடையில் ஒரு விசித்திரமான மனிதர் வருகிறார். வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ், பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். முதல் உலகப் போரில் 1916 சோம் போர்க்களத்தில், சுரங்கத்துக்குள் புதைத்து வைத்து நெருப்பைப் பீச்சும் ராட்சத இயந்திரத்தை உருவாக்கியவர். விஷவாயுக் குடுவைகளை எதிரி அகழிகள்மேல் கொத்தாக வீசும் எறிகுழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த ஆள் போர் முடிந்த பிறகு 1924இல் வீட்டுக்கான பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். முன்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே கம்பித் தட்டு, அடியில் சுழலும் பீச்சான். இன்றைய இயந்திரத்தின் முகம் அப்படியே அதில் இருக்கிறது. திரவத்தை எப்படி அழுத்தத்தில் பீச்சுவது என்ற அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் கூசுகிறது. இயந்திரம் வியாபாரத்தில் எடுபடவில்லை. 1929இல் ஜெர்மனியில் மீலே நிறுவனம் ஐரோப்பாவின் முதல் மின்சார டிஷ்வாஷரைக் கொண்டுவந்தபோதும் அது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருளாகத்தான் இருந்தது.

அந்தச் சுழலும் பீச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சுற்ற மோட்டார் கிடையாது. தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடுகிறோமே, நெருப்பு ஒரு பக்கம் சீற, சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அதே தத்துவம். ஓரத்துளைகள் சாய்வாக இருக்கும். தண்ணீர் அதன் வழியாகப் பீறிட, கை பின்னோக்கித் தள்ளப்பட்டுச் சுழலும். ஆகவே துளை அடைத்தால் பீச்சுவது மட்டுமல்ல, சுழல்வதும் நின்றுபோகும். நம் சமையலில் அதை அடைப்பது பெரும்பாலும் கடுகு. தாளிதத்தில் வந்த கடுகு வடிகட்டியைத் தாண்டிப் போய்த் துளையில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். பீச்சானைக் கழற்றிக் குலுக்கினால் சத்தம் கேட்கும். ஒரு பல்குச்சி போதும். மேல்தட்டுப் பாத்திரங்கள் கழுவப்படவில்லை என்ற வரிக்கு வேறொரு காரணமும் உண்டு. கீழ்த்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டிக்காம்பு பீச்சானைத் தடுத்திருக்கும். கதவை மூடுமுன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது ஐந்து விநாடி வேலை.

*

1959 ஜூலை 24, மாஸ்கோ. அமெரிக்கக் கண்காட்சியில் ஒரு மாதிரி வீடு. துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவை அதன் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கலிஃபோர்னியா வீடுகளில் இருப்பது இப்படித்தான், பெண்களின் வாழ்க்கையை எளிதாக்கத்தான் இதெல்லாம் என்று இயந்திரங்களைக் காட்டினார். உணவை வாயில் போட்டு உள்ளே தள்ளிவிடும் இயந்திரம் ஒன்றும் உங்களிடம் இல்லையா என்று குருஷ்சேவ் நக்கலடித்தார். இரண்டு வல்லரசுகளின் மோதல் பாத்திரம் கழுவும் இடத்தில் நடந்தது. அதைக் கழுவுகிறவர் யாரும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

நிக்சன் சொன்னதை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளிவந்த தன் புத்தகத்தில் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டது, அமெரிக்க வீடுகளுக்கு இயந்திரங்கள் வந்தபோது இல்லத்தரசியின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. விறகு பிளந்த ஆண், தண்ணீர் தூக்கிய பிள்ளை, கூலிக்கு வந்த வேலையாள், இவர்களுடைய பங்கைத்தான் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்தது அம்மா மட்டும். சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. இந்த வாதத்தை முழுவதும் டிஷ்வாஷருக்குப் பொருத்திவிட முடியாது என்று நினைக்கிறேன். அது நிஜமாகவே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அடுக்குவது யார், எடுத்துவைப்பது யார், வடிகட்டியைக் கழற்றுவது யார் என்று கேட்டால் கோவன் மறுபடி வாசலில் வந்து நிற்பார்.

அதே 1959இல், ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் ஹெர்பர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் கழுவும் வேலையை நான்கு கூறுகளாகப் பிரித்து ஒரு வட்டமாக வரைந்தார். வேதிப்பொருள், வெப்பம், விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும், வட்டம் நிறைய வேண்டும். கையால் தேய்க்கும்போது விசைதான் வட்டத்தில் பெரும்பங்கு. கை தாங்கும் சூடு நாற்பதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இயந்திரத்தில் விசை குறைவு, எனவே 65, 70 டிகிரி வரை சூடும் தோலுக்கு ஆகாத காரமும்.

'ஏன் மூணு மணி நேரம் ஓடுது? நான் அரை மணியில முடிச்சிடுவேனே' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதற்கு விடை இந்த வட்டத்தில் இருக்கிறது. 1970களின் இயந்திரங்கள் ஒரு முறைக்கு நாற்பது லிட்டருக்கு மேல் குடித்தன. இன்று பத்து லிட்டர் சுமாரில் முடிகிறது. சிக்கனத்துக்காகத் தண்ணீரையும் சூட்டையும் குறைத்தார்கள், இழந்ததை நேரத்தில் ஈடுகட்டினார்கள். ஓடுவது மூன்று மணி நேரம் என்றாலும் அதிக நேரம் அது ஊறவைத்துக்கொண்டிருக்கிறது. பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் குழுவினர் பல ஐரோப்பிய நாட்டவரை அழைத்து, பன்னிரண்டு பேருக்கான பாத்திரங்களைக் கொடுத்துக் கையால் கழுவச் சொன்னார்கள். சராசரியாகச் செலவான தண்ணீர் நூறு லிட்டரைத் தாண்டியது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்கலாம். ஒரு பக்கெட்டில் நாற்பது பாத்திரம் கழுவும் வித்தை நமக்குத் தெரியும், பான் நகரத்துக்குத் தெரியாது.

பத்து லிட்டரில் முடிவதற்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது மூன்று லிட்டர் சொச்சம். அதே தண்ணீர் திரும்பத் திரும்பப் பம்பு வழியாகப் பீச்சப்படுகிறது. அழுக்குத் தண்ணீரே சுத்தம் செய்கிறது என்றால் இடையில் நிற்கும் வடிகட்டிதான் எல்லாம். பழைய அமெரிக்க இயந்திரங்களில் உணவுத்துணுக்கை அரைத்துத் தள்ளும் அரவை இருந்தது, சத்தமும் இருந்தது. சத்தத்தைக் குறைக்க அரவையை எடுத்துவிட்டு, கையால் கழற்றிக் கழுவும் வடிகட்டி வைத்தார்கள். அதாவது இயந்திரத்தின் வேலை ஒன்று சத்தமில்லாமல் வீட்டுக்காரரிடம் திரும்பி வந்துவிட்டது. நாற்றம், சொரசொரவென்று மணல் மாதிரிப் படிவு, தேங்கும் தண்ணீர், இந்த மூன்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். கீழ்த்தட்டை எடுத்து, வடிகட்டியைத் திருகித் தூக்கி, குழாயடியில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நம் வீடுகளில் வாரம் ஒருமுறை. சோற்றுப் பசை, கறிவேப்பிலை நரம்பு, மிளகாய் விதை எல்லாம் அங்கே இருக்கும். அதன் கீழே உள்ள குழியில் எலுமிச்சை விதையோ கண்ணாடிச் சில்லோ பம்பின் விசிறியில் சிக்கியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெறும் கையை விடாமல் ஸ்பூனால் துழாவுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் பாத்திரத்தைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வைப்பேன் என்பார்கள். துணுக்கை வழித்துக் குப்பையில் போட்டால் போதும். தண்ணீரின் கலங்கலை உணரும் கருவி பல இயந்திரங்களில் இருக்கிறது. எல்லாம் பளபளவென்று உள்ளே போனால், இன்றைக்கு வேலை குறைவு என்று அது சுருக்கமாக முடித்துவிடும்.

*

கோளாறு அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த வரி 'வெண்படலம்'. ஏனென்றால் அது ஓர் ஆற்றின் கதை.

பாஸ்பேட் வந்த பிறகு டிஷ்வாஷர் பொடிக்குப் பொற்காலம். கால்சியத்தைக் கட்டிப்போடும், அழுக்கை மிதக்கவிடும், கண்ணாடி மின்னும். ஆனால் சாக்கடை வழியாக ஏரிக்குப் போனதும் பாஸ்பேட் உரம்தான். பாசி மண்டும், அழுகும், ஆக்சிஜன் தீரும், மீன் சாகும். 1960களில் ஈரி ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. துணி துவைக்கும் பொடிகளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தினார்கள். டிஷ்வாஷர் பொடிக்கு மட்டும் நீண்ட காலம் விலக்கு தந்தார்கள். அதற்கு மாற்று இல்லை என்றது தொழில்துறை.

2008இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மாவட்டம் அந்த ஊர் ஆற்றுக்காகப் பாஸ்பேட் பொடியைத் தடை செய்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வண்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஐடஹோ மாநிலத்துக்குப் போய்ப் பழைய பொடியை வாங்கி வந்தார்கள். மதுவிலக்குக் காலத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2010 ஜூலையில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் தடை வந்தது. நிறுவனங்கள் நாடு முழுவதும் பொடியை மாற்றிவிட்டன. அந்தக் கோடையில் அமெரிக்கச் சமையலறைகளில் கண்ணாடிகள் மங்கின. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள், புது இயந்திரமே வாங்கியவர்களும் உண்டு. மாறியது பொடி, பழி இயந்திரத்துக்கு. பிறகு நொதிகளும் சிட்ரேட்டும் சேர்ந்து பொடி மெல்லத் தேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுப்பாடு 2017 ஜனவரியில் வந்தது. மங்கிய கண்ணாடிகளைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் ஆறு சுத்தமாக வேண்டும் என்பதும் தம்ளர் மின்ன வேண்டும் என்பதும் ஒரே ஆளின் இரண்டு ஆசைகள்தான்.

உங்கள் தம்ளரில் வெண்படலம் இருந்தால் ஒரு சோதனை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் தேயுங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்பு, உப்பு நீரின் வேலை. போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. சூடும் காரமும் சேர்ந்து, அதிலும் தண்ணீர் மிக மென்மையாக இருந்தால், கண்ணாடியைத் தின்னும். அதற்கு மருந்து இல்லை.

நம் ஊர் போர்வெல் தண்ணீருக்குப் பெரும்பாலும் முதல் விடைதான். சர்வீஸ் ஆள் வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, 'மெஷின்ல ஒண்ணுமில்ல மேடம், தண்ணிதான்' என்று சொல்வது தப்பிக்கும் பேச்சு இல்லை. ஐரோப்பிய வகை இயந்திரங்களின் அடியில் குட்டிக்குட்டிப் பிசின் மணிகள் நிறைந்த அறை ஒன்று உண்டு. மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவி மீட்க வேண்டும். அதற்குத்தான் உப்பு, பாத்திரத்தைக் கழுவ இல்லை. சமையல் உப்பு வேண்டாம், அதில் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்ப்பவையும் பொடித்தூளும் வழியை அடைக்கும். உப்புப் போட்டதும் உடனே ஒரு முறை ஓட்டிவிடுங்கள், சிந்திய உப்பு தங்கினால் எவர்சில்வரையே பொத்தலாக்கும். உப்பைப் போட்டுவிட்டு இயந்திரத்தில் கடினத்தன்மை அளவை மாற்றாமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மிதமான தண்ணீருக்கு வைத்த அளவிலேயே அது நம் போர்வெல் தண்ணீரைச் சமாளித்துக்கொண்டிருக்கும். கையேட்டில் அளவு ஜெர்மன் டிகிரியில் இருக்கலாம். ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். ஆர்ஓ விற்பவர் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பிப் போடாதீர்கள். அது கரைந்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், கடினத்தை மட்டும் சொல்லாது.

தண்ணீர் வரவில்லை என்ற வரிக்கு நம் அடுக்குமாடிகளில் ஓர் உள்ளூர்க் காரணம் இருக்கிறது. பல இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் என்பது கணக்கு. மேல்மாடி வீட்டில் குழாய்க்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் மூன்று மீட்டர்தான் என்றால் 0.3 பார். கீழ்வீட்டில் ஓடும் இயந்திரம் அங்கே திணறும். சின்னதாக ஓர் அழுத்தப் பம்பு வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் குழாயைக் கழற்றி உள்ளிருக்கும் சல்லடையைப் பாருங்கள், தொட்டி மணலும் துருவும் அதில்தான் நிற்கும்.

*

இந்தியாவில் இந்த இயந்திரம் நீண்ட காலம் எடுபடாமல் இருந்ததற்குக் கடாயையும் மஞ்சளையும் காரணம் காட்டுவார்கள். பாதிதான் உண்மை. மலிவான கை இருக்கும் ஊரில் இயந்திரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வேலைக்கு வருகிற அக்காக்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டபோது டிஷ்வாஷருக்குத் திடீரென்று தட்டுப்பாடு வந்தது, காத்திருப்புப் பட்டியல் வந்தது. 'கடாய்' என்றே ஒரு பொத்தானும் சில இயந்திரங்களில் ஏறிக்கொண்டது. மாடுலர் கிச்சன் அறைகளுக்குள் அது உட்கார்ந்தது. அந்த அக்காக்களில் எத்தனை பேருக்கு அந்த மாதங்களின் சம்பளம் கிடைத்தது என்பதை வைத்து யாரும் விளம்பரம் எடுக்கவில்லை.

நான் பார்த்த வீடுகளில் ஒன்று கவனித்திருக்கிறேன். இயந்திரம் வந்த பிறகும் வேலைக்கு வருகிறவர் நிற்பதில்லை. தட்டும் தம்ளரும் கரண்டியும் இயந்திரத்துக்குப் போகும். அலுமினியக் குக்கர் காரத்தில் கறுக்கும் என்பதால் போகாது. இரும்புத் தோசைக்கல் எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும், போகாது. பித்தளை விளக்கு, ஈயச்சொம்பு, மரக்கரண்டி, ஆட்டுக்கல் குழவி எதுவும் போகாது. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை இயந்திரம் தொடாது. ஆக, லேசாக ஒட்டியது எல்லாம் உள்ளே போக, நன்றாகப் பற்றியது மட்டும் சிங்க்கில் மிஞ்சுகிறது. பாத்திர எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று சம்பளத்தைக் குறைத்துக் கேட்ட வீட்டில் ஒரு அக்கா சொன்னார்: "சுளுவானத எல்லாம் மெஷினு எடுத்துக்கிச்சு. கஷ்டமானதுதாங்க எனக்கு. இதுக்கு நீங்க கூடத்தான் தரணும்."